பதினொரு விநாடி

அழுக்கான மூக்குக்கண்ணாடியைப் பார்த்தால் அக்காவுக்குக் கை அரிக்கும். பேருந்தில் முன்பின் தெரியாதவரிடம்கூட, "கொஞ்சம் கழட்டிக் குடுங்களேன்" என்று கையை நீட்டிவிடுவார். கேட்ட வேகத்தில் அவரும் கழற்றிக் கொடுத்துவிடுவார். வாயால் ஒரு ஊது, கைக்குட்டை, நடுவிலிருந்து ஓரத்துக்கு வட்டம் வட்டமாக நான்கு சுற்று. வாங்கி மாட்டிக்கொண்டவர் ஜன்னல் பக்கம் திரும்பி வாய் பிளப்பார். "இத்தனை நாளா எப்படித்தான் நடமாடினீங்களோ" என்று சொல்லிவிட்டு அக்கா தன் நிறுத்தத்தில் இறங்கிப் போய்விடுவார்.

பத்தொன்பது வருடம் மூக்குக்கண்ணாடிக் கடையில் நின்று பழகிய கை அது. ஆட்கள் போனிலேயே கண்ணாடி வாங்க ஆரம்பித்ததும் முதலாளி கடையை மூடினார். கடைசி நாள் சம்பளத்தோடு ஒரு பெட்டி நிறையக் கைக்குட்டைத் துணிகளையும் கொடுத்தனுப்பினார். அடுத்த இரண்டு மாதத்தில் வீட்டில் இருந்த கண்ணாடி டம்ளர்கள் எல்லாம் தேய்ந்தே போயின என்று தம்பி சொல்லுவான்.

வீட்டில் மூன்று பேர். மூன்றாவது மாடியில் இரண்டு அறை. அக்கா, தம்பி, தம்பி மனைவி. பெற்றவர்கள் அடுத்தடுத்துப் போன பிறகு தம்பியைப் படிக்க வைத்ததும், மேஜை நாற்காலிக் கடையில் வேலைக்குச் சேர்த்ததும், கல்யாணம் செய்து வைத்ததும் அக்காதான். "அவங்க கல்யாணத்தை மட்டும் எங்கேயோ பத்திரமா வெச்சுட்டு, வெச்ச இடத்தை மறந்துட்டாங்க" என்று தம்பி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவான். அக்கா அவன் முதுகில் ஒன்று போடுவார்.

பிறகுதான் கார் டிப்போவில் வேலை கிடைத்தது. ஊருக்கு வெளியே பழைய சரக்குக் கிடங்கு ஒன்றை ஒரு பெரிய கார் கம்பெனி வாங்கியிருந்தது. ஓட்டுநர் இல்லாத கார்கள் விடியற்காலையிலும் நண்பகலிலும் தாமாகவே உள்ளே வந்து வரிசையில் நிற்கும். ஹார்ன் கிடையாது, கதவு சாத்துகிற சத்தம் கிடையாது, அலுத்துக்கொண்டு இறங்கிச் சோம்பல் முறிக்க ஆள் கிடையாது. முதல் வாரம் வீட்டுக்கு வந்த அக்கா, "பூட்டின வீட்டுக்குள்ள யாரோ நடக்கற மாதிரி இருக்குடா" என்றார். பழகினால் சரியாகிவிடும் என்றார்கள். பழகியது. ஆனால் முதுகுக்குப் பின்னால் ஒரு கார் வந்து நின்றால், திரும்பிப் பார்க்காமலே தெரிந்துவிடும். கழுத்தில் மயிர் சிலிர்க்கும்.

ஒவ்வொரு காரின் உச்சியிலும் கவிழ்த்த கிண்ணம்போல ஒரு கறுப்புக் கண்ணாடி. நான்கு மூலையிலும் காசளவு கண்ணாடிகள். காருக்கு அவைதான் கண். அவற்றைத் துடைப்பது அக்காவின் வேலை. நீலத்துணி, மேலிருந்து கீழே, ஒரே திசை, மூன்று இழுப்பு. வட்டமாகத் துடைக்கவே கூடாது. வட்டமாகத் துடைத்தால் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய வளையங்கள் படிந்துவிடும். சாய்ந்த வெயில் அதில் பட்டால் காருக்குக் குழப்பம். இல்லாத ஆளைக் கண்டு நின்றுவிடும், அல்லது இருக்கிற ஆளைக் காணாமல் போய்விடும். துடைத்து முடித்ததும், துடைத்தவர் தன் எண்ணைக் காகித நாடாவில் எழுதிக் கதவின் உட்புறம் ஒட்ட வேண்டும். ஏதாவது ஆனால் யார் கை என்று தெரியவேண்டுமாம். அக்காவின் எண் ஏழு. டிப்போவில் எல்லாருக்கும் அவர் 'ஏழக்கா'.

முதல் மாதத்தில் மூன்று முறை அந்தப் பழைய கை தன் போக்கில் வட்டம் போட்டுவிட்டது. அதன் பிறகு அக்கா உதட்டுக்குள் "மேல, கீழ... மேல, கீழ..." என்று சொல்லிக்கொண்டே துடைப்பார்.

அன்று காலை அப்படிச் சொல்லிக்கொள்ள முடியவில்லை. தம்பி போன் செய்தான். தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு அக்கா துடைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, சாயங்காலம் உனக்கு ஒரு ஆளைக் கூட்டிட்டு வரேன். அச்சு அசல் உன்னை மாதிரியே இருப்பாங்க. நீ சிரிச்சா சிரிப்பாங்க, முறைச்சா முறைப்பாங்க."

"காலங்காத்தால என்னடா உளர்றே?"

"ஆள் உயரக் கண்ணாடிக்கா. ஒருத்தர் ஆர்டர் குடுத்துட்டு வேண்டாம்னுட்டார். ஓரத்துல ஒரு சின்னக் கீறல். முதலாளி எடுத்துக்கோன்னுட்டார். நம்ம அலமாரிக் கதவுக்கு அளவெடுத்த மாதிரி இருக்கு."

"வண்டி பிடிச்சு எடுத்துட்டு வா."

"ரெண்டு தெருவுக்கு வண்டியா? கையில தூக்கிட்டு வந்துடறேன். நாலு மணிக்கு உன் மூஞ்சிய நீ முழுசாப் பார்த்துக்கலாம்."

"என் மூஞ்சியப் பார்த்து நான் என்னடா பண்ணப் போறேன்?"

"ஏன், துடைக்கலாமே!"

அக்கா சிரித்துவிட்டார். சிரிக்கும்போதும் கை துடைத்துக்கொண்டுதான் இருந்தது.

நாலு மணிக்குச் சலவைக் கடைத் திருப்பத்தில் தம்பி தெருவைக் கடக்க இறங்கினான். வெயில் சாய்ந்திருந்தது. கண்ணாடியை இடது பக்கம் பிடித்திருந்தான், முகம் பார்க்கும் பக்கம் தெருவை நோக்கி. அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் கண்ணாடியின் இரு ஓரத்திலும் எட்டு விரல்கள், கீழே இரண்டு செருப்புகள், அவ்வளவுதான் அவன். சலவைக் கடை அம்மா பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு எத்தனையோ பேரிடம் அதை ஒரே மாதிரிதான் சொன்னார்: "கண்ணாடிக்குள்ள தெரு நீளமாப் போய்க்கிட்டே இருந்துச்சு. அந்தத் தெருவுல ஒருத்தருமே இல்ல. கார் அதுக்குள்ளதான் போச்சு."

பிரேக் சத்தமே இல்லை. காருக்குள் ஆளும் இல்லை. கொஞ்சம் தள்ளிப் போய் ஓரமாக நின்று, விளக்குகளைச் சிமிட்டிக்கொண்டு, இனிமையான குரலில், "உதவி வந்துகொண்டிருக்கிறது, பொறுத்திருங்கள்" என்று சொல்லிக்கொண்டே இருந்தது. தம்பியின் மூச்சு நின்ற பிறகும் சொன்னது. கடைசியில் சலவைக் கடை அம்மா ஒரு போர்வையை எடுத்துவந்து காரின் தலையில் போட்டார். போர்வைக்குள்ளிருந்தும் அது சொன்னது.

அந்தக் காரின் கதவு உட்புறத்தில் ஒட்டியிருந்த நாடாவில் இருந்த எண் ஏழு.

முதல் இரண்டு வாரம் அக்காவுக்கும் தம்பி மனைவிக்கும் அது தெரியாது. ஒரே அறையில், ஒருத்தி அழுதால் மற்றவர் எழுந்து உட்கார்ந்து, அப்படியே நாட்கள் போயின. தம்பி மனைவி மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள். அதிகம் பேசமாட்டாள். "அண்ணி, ஒரு வாயாவது சாப்பிடுங்க" என்று அவள்தான் தட்டை நீட்டினாள். பிறகு விசாரணைக்காரர்கள் வந்து நாடாவைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அவள் மறுநாள் காலை அக்கா கழுவி வைத்த டம்ளரை எடுத்தாள். தண்ணீர் ஊற்றும் முன் குழாயடியில் காட்டி இன்னொரு முறை கழுவினாள். அடுத்த நாளும் அப்படியே. அவளுக்கே தெரியாமல்தான் செய்திருப்பாள். அக்கா அடுப்படி வாசலில் நின்று பார்த்தார். கன்னத்தில் அறைந்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

அதைவிடக் கொடுமை, அக்காவுக்கே தெரியவில்லை. அன்று காலை கை எப்படிப் போனது? வீட்டில் யாரும் இல்லாதபோது ஜன்னல் கண்ணாடி முன் நிற்பார். வேறெதையாவது நினைத்துக்கொண்டு, பார்வையைத் திருப்பிக்கொண்டு துடைப்பார். சட்டென்று குனிந்து பார்ப்பார். சில முறை கை மேலும் கீழும் போய்க்கொண்டிருக்கும். சில முறை வட்டம் போட்டுக்கொண்டிருக்கும். அந்தக் கை தன்னுடையதுதானா என்று அதையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

கம்பெனியிலிருந்து ஒரு மேடம் வந்தார். கோப்பு ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டே நடப்பார் என்பதால் அக்கா மனதுக்குள் வைத்த பேர் 'கோப்பு மேடம்'. நடந்தால் காலடிச் சத்தமே கேட்காது. குரலும் அப்படித்தான்.

"உங்க மேல யாரும் பழி போடலங்க. இது ஒரு நடைமுறைதான். துடைப்பு முறை சரியாப் பின்பற்றப்படலைன்னு ஒரு வரி இருக்கு. நீங்க கையெழுத்துப் போட்டா விசாரணை முடிஞ்சிடும். முடிஞ்சா உங்க தம்பி மனைவிக்குத் தொகை வந்துடும். உங்க வேலைக்கும் ஒண்ணும் ஆகாது."

"அன்னைக்கு வட்டமாத் துடைச்சேனான்னு எனக்கே தெரியல மேடம்."

"அதேதான் நானும் சொல்றேன். தெரியலைன்னா, இல்லைன்னும் உங்களால சொல்ல முடியாதில்லையா?"

அக்கா வலது கையை மடக்கி முந்தானைக்குள் வைத்துக்கொண்டார்.

"திருப்பத்துல அவர் பேர்ல ஒரு பெஞ்சு போடறதாக் கம்பெனி சொல்லியிருக்கு. நல்ல கல் பெஞ்சு."

கம்பெனிக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. பெரிய ஆஸ்பத்திரியின் கண் பிரிவு முழுவதையும் அதுதான் கட்டிக் கொடுத்திருந்தது. அக்கா வேலைக்குப் போகும் வழியில், அந்தக் கட்டடத்தின் நெற்றியில் கம்பெனியின் பேர் ஆள் உயர எழுத்தில் நிற்கும். ஊர்க்காரர்கள் அந்தப் பேரைப் பார்த்துக்கொண்டே கண்ணைக் காட்ட உள்ளே போவார்கள். தெரியாமல் மோதிவிட்டது என்று சொல்வதற்கு மட்டும் அதற்கு வாய் வரவில்லை.

"ஒரு வாரம் யோசிச்சுச் சொல்றேன்" என்றார் அக்கா.

அந்த வாரத்தில் ஒருநாள், வேலை முடிந்து வரும்போது கால்கள் தாமாகத் திருப்பத்துக்குப் போயின. சலவைக் கடை வாசலில் நின்றார். ஒரு கார் வந்தது. வேகம் குறைந்தது. நின்றது. தெருவில் யாரும் இல்லை. நாய்கூட இல்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனது. அடுத்த கார் வந்தது. அதே இடத்தில் நின்றது.

"பத்து நாளா இப்படித்தான்" என்றார் சலவைக் கடை அம்மா, தேய்ப்புப் பெட்டியைத் தூக்கி நிறுத்திவிட்டு. "ஒரு வண்டி பாக்கியில்ல. அந்தக் கம்பெனி வண்டி எல்லாமே. யாருக்கோ வழி விடற மாதிரி நிக்குது. எனக்கு அந்தப் பக்கம் பார்க்கவே பயமா இருக்கும்மா."

அக்கா மூன்றாவது கார் நின்றதும் விநாடிகளை எண்ணினார். பதினொன்று. நான்காவது கார். பதினொன்று.

தெரு காலியானதும் இறங்கினார். இரண்டு கைகளையும் விரித்து, ஆள் உயரக் கண்ணாடி ஒன்றைத் தூக்கிக்கொண்டு போகிறவர்போல அடியெடுத்து வைத்து, எண்ணிக்கொண்டே கடந்தார். எதிர்ப் பக்க நடைபாதையில் கால் வைத்தபோது எண்ணிக்கை பதினொன்று.

டிப்போவில் கார்களின் மூளையைப் பார்த்துக்கொள்கிற ஒருவர் இருந்தார். தலை முழுக்க வழுக்கை, ஓய்வு பெறப் போகிற வயது, கம்ப்யூட்டரைத் கைக்குழந்தைபோல இடுப்பில் சுமந்துகொண்டு திரிவார். 'லேப்டாப் சார்' என்றால்தான் தெரியும். அக்காதான் அவருக்குத் தினமும் மூக்குக்கண்ணாடி துடைத்துக் கொடுப்பார். மறுநாளும் வாங்கினார். துடைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டார்.

"லேப்டாப் சார், சலவைக் கடைத் திருப்பத்துல வண்டியெல்லாம் எதுக்கு நிக்குது?"

"கண்ணாடியக் குடுங்கக்கா, ஒண்ணும் தெரியல."

"சொல்லுங்க, தரேன்."

அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். "பாடம் நடத்தியிருக்காங்க. நடந்ததை அப்படியே கம்ப்யூட்டருக்குள்ள உருவாக்கி வெச்சிருக்காங்க. அதே தெரு, அதே வெயில், கண்ணாடியோட அதே ஆள். வண்டி பார்த்து நிக்கிற வரைக்கும் திரும்பத் திரும்ப ஓட்டுவாங்க. அந்த இடத்துல மட்டும் பாடம் கொஞ்சம் கூடுதலா ஏறிடுச்சு. அதான் ஆள் இல்லாமலே நிக்குது."

"அதே ஆளா?"

"அதே உயரம், அதே நடை. சில சமயம் மழையில. சில சமயம் சட்டை மாத்தி."

"எத்தனை தடவை?"

"ஒரு நாளைக்கு நாலாயிரம்."

அக்கா வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். "ஒவ்வொரு தடவையும் அவன்..."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "முதல் மூணு நாள் அப்படித்தான்கா. ஒரு தடவைகூட வண்டிக்கு அவரைத் தெரியல."

"அங்கயும் வண்டியோட கண்ணாடி அழுக்கா?"

"கம்ப்யூட்டருக்குள்ள ஏதுக்கா அழுக்கு? பளிங்கு மாதிரி இருக்கும். யாரும் துடைக்கவே வேண்டாம்." சொல்லிவிட்டு அவரே நிறுத்திக்கொண்டார். என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. "அக்கா, நான் சொன்னேன்னு தெரிஞ்சா நாளைக்கு எனக்கு இங்க நாற்காலி இருக்காது. திங்கட்கிழமை சரி பண்ணிடுவாங்க. அப்புறம் அங்க எந்த வண்டியும் நிக்காது."

அக்கா அவருடைய கண்ணாடியைத் துடைத்தார். வட்டமாக, நான்கு சுற்று. கொடுத்தார்.

"இப்போ?" என்று கேட்டார். "இப்போ என்ன ஆகுது, அந்த நாலாயிரம் தடவையும்?"

"இப்போ கடந்துடறார்க்கா. எல்லாத் தடவையும்."

சனிக்கிழமை மதியம், கையெழுத்துக்காக அலுவலகத்துக்கு அழைத்துப் போகக் கோப்பு மேடம் கம்பெனிக் காரிலேயே வந்தார். தம்பி மனைவியும் வரவேண்டும் என்று அக்கா சொல்லியிருந்தார். அவள் வந்து காரை விட்டுத் தள்ளி நின்றாள். அந்தக் கார்களில் ஒன்றின் பக்கத்தில் அவள் நிற்பது அதுதான் முதல் முறை.

"ஒரு நிமிஷம்" என்று அக்கா பையிலிருந்து நீலத்துணியை எடுத்தார். இருவருடைய கண் முன்னாலும் துடைத்தார். உச்சிக் கிண்ணம், நான்கு மூலை. மேலிருந்து கீழே, மூன்று இழுப்பு. நாடாவில் ஏழு என்று எழுதிக் கதவில் ஒட்டினார். "சுத்தமா இருக்கா மேடம்? பார்த்துச் சொல்லுங்க."

"இருக்குங்க. எதுக்கு இதெல்லாம்?"

"சலவைக் கடை வழியாப் போகச் சொல்லுங்க."

மூவரும் ஏறினார்கள். முன்னிருக்கைகள் இரண்டும் காலி. அவற்றின் நடுவே ஒரு திரை. கார் என்னென்ன பார்க்கிறதோ அதெல்லாம் அதில் சின்னச் சின்னச் சாம்பல் பொம்மைகளாக வரும். மரம், குப்பைத் தொட்டி, நடைபாதையில் ஒரு ஆள்.

திருப்பம் வந்தது. கார் நின்றது.

தெரு காலியாக இருந்தது. ஆனால் திரையில் ஒரு சாம்பல் உருவம் நடைபாதையிலிருந்து இறங்கியது. அதன் இடது பக்கம் நீளமாக ஒரு கட்டம், உள்ளே ஒன்றுமில்லாத வெறுங்கட்டம். உருவம் மெதுவாக நடந்தது. பாரம் தூக்குகிறவன் நடப்பதுபோல, வலப் பக்கம் கொஞ்சம் சாய்ந்து.

தம்பி மனைவி காரின் முன்கண்ணாடி வழியே தெருவைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். மறுபடி தெருவைப் பார்த்தாள்.

"எண்ணும்மா" என்றார் அக்கா.

அவள் எண்ணினாள். பதினொன்றில் உருவம் எதிர் நடைபாதையில் ஏறி மறைந்தது. கார் நகர்ந்தது.

"அது... சின்னக் கோளாறுங்க" என்றார் மேடம். அவருடைய குரலில் முதன்முறையாக ஒரு பிசிறு. "திங்கட்கிழமை சரியாயிடும்."

"எது சரியாகும் மேடம்? கண்ணாடி சுத்தமா இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க. அழுக்குதான் காரணம்னா, துணியால துடைச்சிருப்பீங்க. வண்டிக்கு எதுக்குப் பாடம் நடத்தினீங்க? இவனை உங்க வண்டி எல்லாத்துக்கும் சொல்லிக் குடுத்துட்டீங்க. காகிதத்துல மட்டும் என் கைய எழுதியிருக்கீங்க." அக்கா குரலை உயர்த்தவே இல்லை. "பெஞ்சு வேண்டாம். ஒரு வரி எழுதுங்க. எங்க வண்டி அவனைப் பார்க்கலன்னு. அதுக்குக் கீழ நான் கையெழுத்துப் போடறேன்."

"அந்த வரியை எழுத எனக்கு அதிகாரம் இல்லைங்க."

"யாருக்கு இருக்கு?"

மேடம் கோப்பைப் பார்த்தார். அதில் அந்தப் பேர் இல்லை.

தம்பி மனைவி கண்ணைத் துடைத்துக்கொள்ளாமலே முன்னால் சாய்ந்தாள். "மேடம், இன்னொரு சுத்து போகச் சொல்லுங்க."

"எங்கங்க?"

"அங்கயேதான்."

சுற்றி வந்தார்கள். நின்றது. எண்ணினார்கள். மறுபடி சுற்றி வந்தார்கள். மூன்றாவது முறையில் தம்பி மனைவியின் கை அக்காவின் கையைப் பிடித்திருந்தது. நான்காவது முறையில், உருவம் காருக்கு நேர் எதிரே வந்தபோது, கோப்பு மேடம் தன்னையறியாமல் கால்களை உள்ளே இழுத்துக்கொண்டார், போகிறவருக்கு இடம் விடுகிறவர்போல. பிறகு காரை நிறுத்தச் சொல்லி இறங்கி நடந்து போனார். அன்றைக்கு அவருடைய காலடிச் சத்தம் கேட்டது.

அக்கா கையெழுத்துப் போடவில்லை. திங்கட்கிழமைக்குப் பிறகு அந்தத் திருப்பத்தில் எந்தக் காரும் நிற்கவில்லை. விசாரணை முடியாமல் கிடக்கிறது. தொகை வரவில்லை. பெஞ்சு மட்டும் எப்படியோ வந்துவிட்டது, பேர் இல்லாமல். சலவைக் கடை அம்மா அதில் துணி காயப்போடுகிறார். அலமாரிக் கதவில் கண்ணாடி இருக்க வேண்டிய இடம் இன்னும் வெறும் பலகைதான்.

அந்தச் சனிக்கிழமை வீட்டுக்குள் நுழைந்ததும் தம்பி மனைவி நேராக அடுப்படிக்குப் போனாள். அக்கா கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த டம்ளரை எடுத்தாள். அப்படியே தண்ணீர் ஊற்றிக் குடித்தாள். "உங்களுக்கும் வேணுமா அண்ணி?" என்றாள்.

அக்கா இன்னமும் டிப்போவில்தான் இருக்கிறார். துரத்தினால் செய்தியாகிவிடும் என்று வைத்திருக்கிறார்கள் என்று லேப்டாப் சார் சொல்கிறார். கம்ப்யூட்டருக்குள் அந்தப் பாடம் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. வாரத்துக்கு ஒருமுறை, அவருடைய மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் திருப்பிக் கொடுக்கும்போது அக்கா அவரைக் கேட்பார்: "கடக்கிறானா?" அவர் தலையாட்டுவார். நாலு மணிக்கு அக்கா நீலத்துணியைக் கீழே வைப்பார். வரிசையாக நிற்கிற கார்கள் எல்லாம் கறுப்புக் கண்களால் அவரைப் பார்த்துக்கொண்டிருக்க, உதடு அசையப் பதினொன்று வரை எண்ணுவார். பிறகு துணியை எடுத்துக்கொள்வார்.